நட்சத்திரம் போட்ட வாக்கியம்

மிக்ஸிக்கு அடியில் மடித்து வைத்திருந்த தாளைத் தனபால் மூன்றாவது முறையாகப் படித்தபோது, அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, தோசையத் திருப்பிப் போடுங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் மனைவி செல்வப்பிரியா என்கிற செல்வி தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தாள். தனபால் தோசையைத் திருப்பவில்லை. தாளைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் கையெழுத்தில் இருபது வாக்கியங்கள், எண் போட்டு எழுதப்பட்டிருந்தன. முதல் பன்னிரண்டில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. மாடு கன்று போட்டது, மழை ஏமாற்றியது, மாமன் சந்தைக்குப் போனான். பதிமூன்றில்தான் விவகாரம் ஆரம்பித்தது.

13. அவரு காலேஜுக்குப் போனதுக்கப்பறம் வாங்க.

14. *செல்வி தனபாலை நெனச்சு உருகுனா.

15. செல்வி மணிகண்டன்கூடப் போயிட்டது தனபாலுக்கு இன்னும் தெரியாது.

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் பதினைந்தைப் பார்த்துத்தான் மயங்கி விழுந்திருப்பான். தனபாலுக்கு முதலில் நெஞ்சை அடைத்தது பதினான்கு. காரணம், அவர் மொழியியல் வாத்தியார். மொழியியலில் ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நட்சத்திரம் போட்டால், அந்த மொழியைப் பேசுகிற ஒருவர் வாயிலும் அப்படி ஒரு வாக்கியம் வராது என்று அர்த்தம். செல்வி தனபாலை நினைத்து உருகினாள் என்பது தமிழிலேயே கிடையாது. பதினைந்துக்கு நட்சத்திரம் இல்லை. அது நல்ல தமிழ்.

தோசையிலிருந்து புகை வந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

தனபால் கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்தார். கேரள எல்லையில், கோவிந்தாபுரத்துக்கு இந்தப் பக்கம் நாலு ஏக்கர் தோப்பும் இரண்டு மாடும் ஒரு வீடும் இருந்தன. அவற்றைச் செல்வி பார்த்துக்கொண்டாள். பதினொரு வருஷமாக அவர் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். நவீன மொழியியலில் நடந்த கோட்பாட்டுச் சண்டைகளின் வரலாறு என்பது தலைப்பு. நான்காவது அத்தியாயத்தில் நின்றிருந்தது.

சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. குழந்தை கேட்டுக் கேட்டுப் பழகுவதுதான் மொழி என்றது ஒரு கட்சி. அதெல்லாம் கூண்டில் அடைத்த எலிக்குப் பொருந்தும், மனுஷக் குழந்தை இலக்கணத்தை மண்டையில் வைத்துக்கொண்டே பிறக்கிறது என்று கிளம்பியது இன்னொரு கட்சி. ஜெயித்தது. ஜெயித்துப் பத்து வருஷத்துக்குள் அதுவே இரண்டாகப் பிளந்தது. வாக்கியத்தின் வடிவம் முதலா, பொருள் முதலா என்று குருவும் சிஷ்யர்களும் வகுப்பறையில் கத்தினார்கள், அடிக்குறிப்பில் வைதார்கள். அந்தக் களேபரத்தின் நடுவே வேறு சிலர், வாக்கியத்தைத் தனியாகப் பிடுங்கி வைத்துப் பார்த்தால் என்ன தெரியும், யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னார்கள் என்றல்லவா பார்க்கவேண்டும் என்று வந்தார்கள்.

தனபால் வடிவக் கட்சி. அசையாத ஆள். "வாக்கியம் வாக்கியம்தான். சொன்னவர் யார், அப்போது மழை பெய்ததா என்பது இலக்கணத்துக்குத் தேவையற்றது" என்று வருஷா வருஷம் முதல் வகுப்பில் சொல்லுவார்.

மணிகண்டன் அந்தக் கடைசிக் கட்சி. கோயமுத்தூரில் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தார்கள். ஹாஸ்டலில் சாம்பார் ஊற்றும்போது ஆரம்பிக்கிற சண்டை மோர் ஊற்றும்போதும் முடிந்திருக்காது. பிறகு மணிகண்டன் நாலே வருஷத்தில் பட்டம் வாங்கி, மைசூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டான். அவன் புத்தகம் வந்த செய்தியை யாரோ அனுப்பியபோது, தனபால் ஒரு வாரம் சர்க்கரை போடாத காப்பி குடித்தார். போட்டாலும் கசக்கத்தான் செய்தது.

அந்த மணிகண்டன்தான் போன வாரம், எல்லை ஊர்களில் பேசும் தமிழைப் பதிவு செய்யவேண்டும் என்று கருவியோடு வந்து இறங்கியிருந்தான். கூடவே சாந்தம்மாள் என்று ஓர் அம்மாள். இடுக்கியில் தேயிலை எஸ்டேட் ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவான பேச்சை ஓர் எழுத்து விடாமல் டைப் அடிப்பது அவர் வேலை.

"பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் ஊருக்குள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே" என்று தனபால் அன்றே சொல்லிப் பார்த்தார்.

"செல்வப்பிரியா மாதிரி வராதுடா" என்றான் மணிகண்டன். செல்வப்பிரியா! கட்டிய புருஷனே அந்தப் பெயரை முழுசாகக் கூப்பிட்டதில்லை. இவன் நடுவில் இருக்கும் 'ப்' உட்பட ஓர் எழுத்தையும் கீழே சிந்தாமல் கூப்பிட்டான்.

போகும்போது கருவியையும் அவளிடமே விட்டுப் போனான். அதன் மைக் பொத்தான் அளவுதான் இருந்தது. செல்வி அதைத் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டு வளையவந்தாள். அன்று முதல் தனபாலுக்கு அந்தப் பொத்தானைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

செல்வி தோப்பிலிருந்து திரும்பி வந்து, கருகிய தோசையையும் அவர் கையிலிருந்த தாளையும் பார்த்தாள்.

"செல்வி, இந்தத் தாளின் நோக்கம் என்ன?" என்று தனபால் நிதானமாகக் கேட்டார். வகுப்பில் பேசிப் பேசி வீட்டிலும் அவருக்கு அந்தத் தமிழ்தான் வாயில் வரும்.

"மணிகண்டன் சாரு எழுதச் சொன்னதுங்க. எது நம்ம பேச்சுல வரும், எது வராதுன்னு பாத்து, வராததுக்கு நட்சத்திரம் போடச் சொன்னாருங்க."

"பதினான்காவது வாக்கியம் வராதா?"

"சொல்லிச் சொல்லிப் பாத்தனுங்க. வாயில வரலீங்க."

"பதினைந்து?"

"அது சுளுவா வருதுங்க."

தனபாலுக்குக் காது சூடாகிவிட்டது. "ஏம்புள்ள, என்ற பேருக்கு முன்னால நட்சத்திரம் போடறதுக்கு உனக்கு என்ன தகிரியம்? உலகத்துல வேற பேரே கெடைக்கிலியா அவனுக்கு?"

செல்வி மைக்கை நேராக்கிக்கொண்டாள். "உதாரண வாக்கியந்தானுங்களே. அதுக்கெதுக்கு இத்தன வெசனம்?"

அது நியாயம்தான் என்று தனபால் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆங்கில மொழியியல் புத்தகங்களில் ஜான் என்கிறவன் ஐம்பது வருஷமாக மேரியை அடித்துக்கொண்டிருக்கிறான். எந்தப் போலீஸ்காரரும் வந்து கேட்டதில்லை. உதாரணம் உதாரணம்தான். ஆனாலும் அவள் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனதும் மேஜையிலிருந்த வெள்ளை மையை எடுத்துப் பதினான்கின் நட்சத்திரத்தை அழித்தார். கை சும்மா இராமல் பதினைந்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் வரைந்தார். தாளை மிக்ஸிக்கு அடியிலேயே வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனார். அன்று வகுப்பு நன்றாக நடந்தது.

மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தார். பதினைந்தின் நட்சத்திரம் போயிருந்தது. பதினான்குக்கு முன்னால் இப்போது இரண்டு நட்சத்திரங்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில், 'மறுபடியும் சொல்லிப் பாத்தேன்' என்று குறிப்பு.

இனி நேரடியாக இறங்கவேண்டியதுதான் என்று தீர்மானித்தார். மணிகண்டன் வருகிற நாளில் வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, செல்விக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"நானும் இதே ஊர்க்காரன்தானே. என்னையும் பதிவு செய்யலாமே" என்றார்.

"தாராளமா. தேங்கா போடறதப் பத்திச் சொல்லு, பாக்கலாம்" என்றான் மணிகண்டன்.

தனபால் தொண்டையைச் செருமினார். "எங்கள் தோப்பில் நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒரு முறை தேங்காய்கள் பறிக்கப்படுகின்றன. பறிக்கப்பட்ட தேங்காய்கள்..."

சாந்தம்மாள் ஹெட்போனைக் கழற்றினார். "சார், தூர்தர்ஷன்ல வயலும் வாழ்வும் கேக்குறாப்புல இருக்கு."

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மணிகண்டன் அவர் தோளில் கை வைத்தான். "தனபாலு, தப்பா நெனைக்காத. நீ கொஞ்ச நேரம் அக்கட்டால இருடா."

சொந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட தனபால் மாட்டுக்கொட்டகையில் நின்றார். உள்ளே செல்வி சிரிக்கிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். கல்யாணமான புதிதில் அவர் வாய்க்காலுக்குள் விழுந்தபோது.

மணிகண்டன் போனதும் தனபால் வெடித்தார். "எங்கூடப் பேசறப்பல்லாம் 'ம்'னு ஒத்த எழுத்து! அவன் வந்தாப் பொழுதுக்கும் வாய் ஓயறதில்லை! எச்சாச் சிரிக்கறே! நானென்ன இந்த ஊட்டுல வாடகைக்கா இருக்கறேன்?"

"நீங்க கேட்டாத்தானுங்க சொல்றதுக்கு. அவரு கேக்கறாருங்க" என்றாள் செல்வி.

"நான் கேக்கறதில்லியா?"

"காப்பி இருக்கான்னு கேப்பீங்க."

தனபாலுக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கால் மணி நேரம் கத்தினார். மாடு இரண்டும் எழுந்து நின்றுகொண்டன. செல்வி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், கொஞ்சம் முன்னால் சாய்ந்தே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஏற்பாடு உளவு. பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் செல்விக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. தனபாலுக்கு மாமனார் முறை. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் விசுவாசி.

"மாமா, நாளைக்கு அந்த ஆள் வர்றப்ப, மம்முட்டி கேக்கற சாக்குல உள்ள போயி, என்ன பேசிக்கறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. வேற ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

காலை பத்து மணிக்கு மண்வெட்டி கேட்கப் போன குப்பண்ணன் மாலை நாலரைக்குத் திரும்பி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"மாப்ளே, அந்தப் பையன் தங்கமப்பா! என்ற தாத்தன் மூலத்தறை வாய்க்கால்ல முதலையப் பாத்த கதையச் சொன்னேன். மூணு மணி நேரம் வாயத் தொறந்துட்டுக் கேக்கறான். இத்தன வருசத்துல என்ற பேச்ச ஒருத்தன் முழுசாக் கேட்டதில்ல பாரு."

"கதைய உடுங்க மாமா. அவங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டாங்க?"

குப்பண்ணன் யோசித்தார். "நான் வெளிய வாறப்ப உம்பொண்டாட்டி அவங்கிட்ட என்னமோ சொன்னாளே... ஆங், 'இன்னுங் கொஞ்சம் எரியட்டும்'னா."

"என்னது எரியட்டும்?"

"அடுப்பா இருக்கும்."

"அடுப்பு பத்த வெச்சிருந்துதா?"

"இல்ல மாப்ளே."

தனபால் அந்த ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. 'இன்னுங் கொஞ்சம் எரியட்டும்.' எழுவாய் இல்லாத வாக்கியம். எழுவாய் சொல்லப்படாவிட்டாலும் மனதுக்குள் ஓர் எழுவாய் ஒளிந்திருக்கிறது என்பதைப் பற்றித்தான் அவர் மூன்றாவது அத்தியாயத்தில் அறுபது பக்கம் எழுதியிருந்தார். அறுபது பக்கத்தையும் எடுத்துப் புரட்டினார். எழுவாய் இருக்கிறது என்று எல்லாப் பக்கமும் சொன்னது. யார் என்று ஒரு பக்கமும் சொல்லவில்லை. எரிகிறது எது? மனசா? காதலா? இவருடைய குடும்பமா? கண்டுபிடிக்கவேண்டுமானால் அவள் எந்த முகத்தோடு சொன்னாள், அவன் என்ன பதில் சொன்னான் என்று தெரிந்தாகவேண்டும். அது எதிரிக் கட்சியின் வழி. அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துவிட்டோம் என்பது உறைத்ததும் அவருக்கு வேர்த்தது.

இதற்கு ஒரே முடிவுதான். மணிகண்டனைச் செல்வியின் கண்ணெதிரே தோற்கடிக்கவேண்டும். கல்லூரியில் ஒரு கருத்தரங்கம் ஏற்பாடு செய்தார். தலைப்பு, 'வாக்கியமா, வாயா?' தலைமை அவருடைய வழிகாட்டி பேராசிரியர் செங்கோட்டையன். வடிவக் கட்சியின் தூண். எதிர்த்தரப்பில் மணிகண்டன். செல்வியைக் கட்டாயம் வரவேண்டும் என்று கூப்பிட்டார். அவள் பச்சைப் பட்டு உடுத்தி, மைக்கையும் குத்திக்கொண்டு, சாந்தம்மாளோடு முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

தனபால் அருமையாக ஆரம்பித்தார். ஐம்பதுகள், அறுபதுகள், எழுபதுகள் என்று சண்டைகளை வரிசையாகச் சொல்லி, "ஆகவே ஒரு வாக்கியத்தை ஆராய, அதைச் சொன்னவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை" என்று முடித்தார். செங்கோட்டையன் தலையை ஆட்டினார். கைதட்டல். செல்வியும் தட்டினாள், இரண்டு விரலால் மட்டும்.

மணிகண்டன் எழுந்தான். "ஒரே ஒரு வாக்கியம் சொல்றேன். பேரெல்லாம் வேண்டாம். 'அ' என்கிறவ 'ஆ' என்கிறவன்கூடப் போயிட்டது 'இ' என்கிறவனுக்கு இன்னும் தெரியாது. தனபால் சாரே, இதுல யாரு அ, யாரு ஆ, யாரு இ-ன்னு தெரிஞ்சுக்காம உங்களால நிம்மதியா இருக்க முடியுமா?"

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. செங்கோட்டையன் கொட்டாவி விட்டார்.

"'இ' யாருன்னு எனக்குத் தெரியும்டா!" என்று தனபால் மேடை மைக்கைப் பிடுங்கினார். "'ஆ'வையும் தெரியும்! வாக்கியமாம் வாக்கியம்! ஆரு சொன்னது? ஆருகிட்டச் சொன்னது? எவன் ஊட்டுல, எவன் இல்லாத நேரத்துல உக்காந்து சொன்னது? அதத் தெரிஞ்சுக்காம வாக்கியத்த வெச்சுட்டு நாக்கு வழிக்கறதா? சொல்றவ மொகத்தப் பாக்கணும்டா! அவ சிரிச்சாளா, மொறச்சாளான்னு பாக்கணும்! அது இல்லாத இலக்கணத்தத் தூக்கி என்ற மாட்டுத் தொட்டில போடு!"

 பிள்ளைகள் விசிலடித்துக் கைதட்டினார்கள். பதினெட்டு வருஷத்தில் தனபால் சாருக்கு விசில் கிடைத்தது அன்றுதான்.

செங்கோட்டையன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "தனபால், அந்த நான்காவது அத்தியாயம்... இனி எழுதவேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கார் எங்கே என்று கேட்டார்.

"இதத்தானடா நான் இருபது வருஷமாச் சொல்லிட்டு இருக்கறேன்" என்று மணிகண்டன் கையை நீட்டினான். தனபால் அந்தக் கையைப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

கேண்டீனில் ஆளில்லாத மூலையில் போய் உட்கார்ந்தார். பதினொரு வருஷம் போயிற்று. கட்சி போயிற்று. பெண்டாட்டி போனாளா இல்லையா என்பது மட்டும்தான் மிச்சம்.

செல்வி இரண்டு டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நெசத்தச் சொல்லு புள்ள" என்றார் தனபால். குரலில் கோபம் தீர்ந்திருந்தது. ஆனால் பேச்சு பழைய புத்தகத் தமிழுக்குத் திரும்பவில்லை. "எங்கிட்டப் பேசறதுக்கு ஒண்ணுமில்லீன்னு உனக்குத் தோணியிருக்கும். தப்பு என்ற மேலதான். நானும் ஆயிரம் பக்கம் பேச்சப் பத்தியே எழுதுனேன், உங்கூடப் பேசல. நீ போறதுன்னாலும் சொல்லிட்டுப் போ. அடுத்தவன் தாள்ல படிச்சுத் தெரிஞ்சுக்க வெச்சராத."

செல்வியின் கண் கலங்கிவிட்டது. "எங்கீங்க போறது? நான் போனா மாட்டுக்குத் தண்ணி காட்டறதாரு? ஒரு தோசையத் திருப்பத் தெரியாது உங்களுக்கு."

"அப்ப அந்தப் பதினஞ்சு?"

"பொய்யிங்க."

தனபால் டீயை ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் தயங்கி, "பதினாலு?" என்றார்.

"அது கேக்கற ஆளோட மொகத்தப் பொறுத்துங்க" என்றாள் செல்வி. அவள் முகம் சிவந்திருந்தது. தனபாலுக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. இன்னொரு டீ சொல்லலாமா என்று திரும்பினார்.

சாந்தம்மாள் ஒரு தாளோடு நின்றிருந்தார். "சார், இதுல ஒரு ஒப்பு போட்டுக் குடுத்துருங்க. பதிவு பண்ணுன பேச்ச ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டா ஆட்சேபணை இல்லைன்னு எழுதியிருக்கு. இன்னைக்கு எங்க ஆபீசுக்கு அனுப்பியாகணும்."

தனபால் கையெழுத்துப் போடச் சொல்லிப் பெருந்தன்மையோடு பேனாவைச் செல்வியிடம் நீட்டினார். "ஒப்பு போட வேண்டியது இவதானுங்கம்மா. உங்களுக்கு இத்தன நாளாப் பேசிக் குடுத்தது இவதானே?"

செல்வி டீ கிளாசுக்குள் எதையோ தொலைத்தவள் போலக் குனிந்துகொண்டாள்.

"அவுகளா? அவுக கேள்வி கேக்க நாங்க வச்சிருக்குற ஆளு சார்" என்றார் சாந்தம்மாள், தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து. "கோவம் வந்தா மட்டும் அசல் ஊருத்தமிழ் பேசுற படிச்ச மனுசன்னு இந்தச் சுத்துவட்டாரத்துல ஆப்பிட்டது நீங்க ஒருத்தருதான், மூணு வாரமா நாங்க எடுத்ததெல்லாம் உங்க பேச்சத்தான்."